நேரம் சொல்லாத செய்தி

பேருக்குத்தான் அது ரேடியோ நிலையம். பாட்டு கிடையாது, நாடகம் கிடையாது, நேயர் விருப்பம் கிடையாது. மலையிலிருந்து இறங்கி வரும் நெடுஞ்சாலை மேல்பாதை, கீழ்ப்பாதை என்று பிரிகிற முக்கில் ஓர் ஒற்றை அறை. அறைக்குள் ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு தொலைபேசி, ஆறு பொத்தான் வைத்த ஒலிப்பதிவுப் பெட்டி. பின்புறம் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கம்பம். கம்பத்தின் காலடியிலிருந்து மண்ணுக்குள்ளே செம்புக் கம்பிகள், விரித்த குடையின் கம்பிகளைப் போல நாலா பக்கமும் ஓடின. அவை இல்லாவிட்டால் கம்பம் வெறும் துணி காயப்போடத்தான் ஆகும் என்பார் அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்.

அந்தக் கம்பத்தின் குரல் ஐந்து கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் போகாது, போகவும் கூடாது. அடுத்த ஊரில் இருப்பவனுக்கு இந்த வளைவில் பனி விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன? முக்குக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் சாலையோரம் ஒரு பலகை நின்றது. 'ரேடியோ 1610. விளக்கு மின்னினால் கேட்கவும்' என்று எழுதி, மேலே இரண்டு மஞ்சள் விளக்கு. வண்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் ரேடியோவின் முள்ளைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அவள் குரல் வரும்.

அவளை லாரிக்காரர்கள் 'செய்திக்காரி' என்று சொன்னார்கள். அந்தக் குரலுக்கு முகம் உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

செய்தி நாற்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் கணக்கு உண்டு. அறுபதில் வருகிற லாரி பலகையிலிருந்து முக்குக்கு வந்து சேர மூன்று நிமிஷம். அதற்குள் செய்தி நாலு சுற்று சுற்றும். முதல் தடவை காதில் விழும், இரண்டாம் தடவை புத்தியில் ஏறும், மூன்றாம் தடவைதான் நம்பிக்கை வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இன்னொன்று, கேட்கிறவர் எப்போதும் நடுவில்தான் வந்து சேருவார். அவருக்காக யாரும் முதலிலிருந்து தொடங்கப் போவதில்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியமும் முன்னே பின்னே யாரையும் சார்ந்திருக்காமல் தன் காலில் நிற்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித்தந்ததல்ல. ஏழு வருஷம் அந்த மைக் முன்னால் உட்கார்ந்து அவளாகவே பிடித்துக்கொண்டது.

சொல்லித்தந்த விதி ஒன்றே ஒன்று. செய்தியை நேரத்தோடு தொடங்க வேண்டும். 'நேரம் மாலை நாலு மணி' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றது. நேரம் சொன்னால் மணிக்கொரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் ஆற்றுப் பாலத்தூணில் தண்ணீர் அளவு பார்க்கிறவருக்கும் மேல் சாவடிக்கும் போன் போட்டு விசாரிக்க வேண்டும். அளவுக்காரர் நாலு தடவை மணி அடித்தால்தான் போனை எடுப்பார். கொஞ்சம் தாமதமானால் போதும், ஏதாவது ஒரு லாரிக்காரர் ஜன்னலோரம் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, உங்க ரூமுக்குள்ள இன்னும் மூணு மணிதானா? கடிகாரத்துக்குச் சோறு போடுங்கம்மா" என்று கேட்டுவிட்டுப் போவார். புகார் எழுதியவர்களும் உண்டு.

ஆகவே நேரத்தை விட்டுவிட்டார்கள். முதலில் விட்டது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. மாற்று வேலைக்கு வருகிறவளும் விட்டாள், இவளும் விட்டாள். மேற்பார்வையாளர் அந்தச் செய்தியைக் காதால் கேட்டும் கண்டிக்கவில்லை. புகார்க் கடிதம் நின்றுபோனதில் அவருக்கும் நிம்மதி. நேரமில்லாத செய்தி பழசாகாது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு அப்படியொரு செய்தியைத்தான் அவள் பதிந்தாள். 'மேல்பாதைப் பாலத்தில் ஒரு வண்டி பழுதாகி நிற்கிறது. கனரக வண்டிகள் கீழ்ப்பாதையில் செல்லலாம். கீழ்ப்பாதைத் தரைப்பாலத்தில் தண்ணீர் இல்லை.' மூன்றும் உண்மை. அளவுக்காரரிடம் கேட்டுத்தான் சொன்னாள். ஐந்தே காலுக்கு மறுபடி கேட்டிருக்க வேண்டும். மழை தூறியது, எலக்ட்ரீஷியன் தேநீர் கொண்டுவந்தார், அவர் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். செய்தியில் மணி இருந்திருந்தால் அந்த மணி அவளை உறுத்தியிருக்கும். இல்லை. உறுத்தவில்லை.

மலைக்கு மேலே பெய்த மழை ஆறு மணிக்குத் தரைப்பாலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆறு பத்துக்கு அவளுடைய அண்ணன் ஓட்டிய பால் டேங்கரும் வந்து சேர்ந்தது.

நிரம்பிய டேங்கரைவிட, காலி டேங்கரைவிட, பாதி டேங்கர்தான் பொல்லாதது. நிரம்பியதில் பால் அசையாது, காலியில் அசைய ஒன்றும் இருக்காது. பாதியில் மட்டும், பிரேக் போட்ட பிறகும் உள்ளே இருக்கிற பால் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் வளைவில் தண்ணீரைக் கண்டு பிரேக் போட்டார். வண்டி நின்றது, பால் நிற்கவில்லை. பக்கவாட்டில் மோதிச் சாய்த்துவிட்டது. டேங்கர் தரைப்பாலத்தின் ஓரக்கல்லை உடைத்துக்கொண்டு சரிந்ததில் அவர் இடது முழங்கால் இருக்கைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே நசுங்கியது. ஆறு கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். கால் இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டில் இருந்தது. அண்ணி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் நின்றதில் முகம் எப்போதும் சிவந்திருக்கும். அன்று அந்தச் சிவப்பு அதிகமாக இருந்தது. உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கட்டிலைப் பார்த்துப் பேசினாள்.

"கம்பெனிக்காரன் வந்தானே, அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"ரேடியோ போடலன்னு சொன்னீங்களாம்."

"போடல. போடலன்னு சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க. விளக்கு மின்னியும் ரேடியோ போடாம போனவனுக்கு லைசென்ஸ் எதுக்குன்னு அவன் கேட்டுட்டுப் போறான். திங்கக்கிழமை விசாரணை." அவள் ஒரு கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "இருபத்திரண்டு வருஷம். ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. உங்க தங்கச்சி அங்க உக்காந்து தண்ணி வருது, தண்ணி வருதுன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கா. அதக் கேக்க உங்க காது என்ன, புளிச்சா போச்சு?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். பிறகு, "உப்பு கம்மியா போடு. நேத்து ஆஸ்பத்திரியில கடல் தண்ணி மாதிரி குடுத்தான்" என்றார்.

வாசற்படியருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, மடித்ததையே மறுபடி விரித்து மடித்தாள். அண்ணிக்குத் தெரியாது. தண்ணீர் வருகிறது என்று அவள் கத்தவே இல்லை. தண்ணீர் இல்லை என்றுதான் சொன்னாள், ஆறு பத்து வரைக்கும், நாற்பது விநாடிக்கு ஒரு தடவை. அண்ணன் ரேடியோவைப் போடவில்லை என்றால் அது அவள் தப்பாகாது. போட்டிருந்தால்? நாலு நாளாக அந்தக் கேள்வியின் விளிம்பிலேயே நடந்துகொண்டிருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்த அன்று, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பின்னறையைக் காலிசெய்து கொடுத்தவர் அண்ணன். அந்த வேலைக்கு மனு வாங்கி வந்ததும் அவர்தான். அவர் போடவில்லை என்று சொல்கிறார். நம்பிவிட்டால் என்ன?

"பாப்பா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு லீவு சொல்லிட்டு வா" என்றாள் அண்ணி. "வண்டிய முக்குக்குப் பக்கத்துல இருக்கிற பட்டறையிலதான் இழுத்துப் போட்டிருக்காங்களாம். இவரு மூக்குக்கண்ணாடி, போர்வை, டிபன் பாக்ஸ் எல்லாம் உள்ளயே கிடக்கு. எடுத்துட்டு வந்துரலாம்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வேலைக்குப் போனபோது மலையெல்லாம் பனி. ஜன்னலுக்கு வெளியே கம்பமே தெரியவில்லை. செய்தியைப் பதிந்து, விளக்கைப் போட்டு, தேநீர் குடித்தாள். பத்து மணிக்கு எலக்ட்ரீஷியனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பட்டறை அரைக் கிலோமீட்டர்தான். டேங்கர் நிமிர்த்தி நிறுத்தியிருந்தது, ஆனால் ஒரு பக்கம் தோள் இறங்கிய மாதிரி நின்றது. சேறு காய்ந்து வெடித்திருந்தது. புளித்த பாலின் வாடை. பட்டறை மெக்கானிக் கீழே படுத்தபடியே தலையை மட்டும் நீட்டினார்.

"சாமான் எடுக்கவா? ஏறுங்கம்மா. என்ஜின்ல தண்ணி ஏறல, பேட்டரி உசுரோடதான் இருக்கு. எதையும் திருகிடாதீங்க."

திருகாதே என்றால் அண்ணி திருகுவாள். ஓட்டுநர் பக்கம் ஏறி உட்கார்ந்து, போர்வையை உதறி, டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்து மூடினாள். கண்ணாடி டேஷ்போர்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் இருட்டாக இருந்ததால் விளக்குப் போடலாமே என்று சாவியைத் திருப்பினாள். அந்தக் காலத்து வண்டி. சாவியைத் திருப்பினால், அணைக்காமல் விட்டதெல்லாம் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். துடைப்பான் ஒரு தடவை கரகரவென்று கண்ணாடியில் இழுத்தது. ரேடியோ இரைந்தது. பிறகு குரல் வந்தது.

'மேல்பாதை வளைவுகளில் அடர்ந்த பனி. முன்விளக்கை எரிய விட்டுச் செல்லவும். பத்தடிக்கு மேல் பார்வை இல்லை.'

அவளுடைய குரல். பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருக்க, அவளுடைய குரலே பெட்டியிலிருந்து வந்தது.

ரேடியோவின் முள், அதன் கண்ணாடியில் தீற்றியிருந்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டின் மேல் நேராக நின்றது. போன வருஷம் அவள்தான் அதை வைத்தாள். "தேடாதீங்கண்ணா, இந்தப் பொட்டுக்கு நேரா வெச்சா நான் வருவேன்" என்று.

அண்ணி முள்ளைப் பார்த்தாள். குமிழைத் தொட்டுப் பார்த்தாள். சத்தம் பாதிக்கு மேல் வைத்திருந்தது.

"போட்டிருந்திருக்காரு" என்றாள் மெதுவாக. "போட்டுட்டு, போடலன்னு சொல்றாரு. ஏன்?"

ரேடியோ இரண்டாவது சுற்றைத் தொடங்கியது. பத்தடிக்கு மேல் பார்வை இல்லை என்றது. அண்ணி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மலையின் ஒவ்வொரு மடிப்பும், மேல்பாதையில் ஊர்ந்த பஸ்ஸின் நிறம்கூடத் தெரிந்தது.

"பனி எங்க பாப்பா?"

"அது... காலையில ஆறு மணிக்குப் பதிஞ்சது அண்ணி."

"இப்ப மணி பத்தரை."

"ம்."

"ஆறு மணின்னு அதுல சொல்லவே இல்லையே. இப்ப இருக்கிற மாதிரில்ல சொல்லுது." அண்ணியின் கை இன்னும் சாவியில்தான் இருந்தது. "செவ்வாக்கிழமை என்ன சொன்னே?"

அவள் சொன்னாள். மூன்று வாக்கியத்தையும் மைக் முன்னால் சொல்வது போலவே, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். எப்போது பதிந்தாள் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, செவ்வாய்க்கிழமையைவிட இன்றைய காலைதான் அவளை அதிகம் உறுத்தியது. அண்ணன் கால் நசுங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மாதிரி நேரத்தை விட்டுவிட்டு, தேநீர் குடித்திருக்கிறாள். பயம்கூட அவள் கையைத் திருத்தவில்லை.

அண்ணி சாவியை அணைத்தாள். "உன்னத் திட்டணும்னு வாய் வரைக்கும் வருது" என்றாள். "இங்க வேண்டாம், மெக்கானிக் கேப்பாரு." டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை நானும் வருவேன். நீ வாயத் திறக்கலன்னா நான் எதையும் பாக்கல. நீ திறந்தா, பாத்ததச் சொல்லுவேன். அது உன் பாடு."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரே பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணி அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"சாவியத் திருப்புனாளா?"

"திருப்புனாங்க."

"அணைக்கணும்னு நெனச்சேன். கை எட்டல." மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினார். "இதக் கேளு. டாக்டர் எங்கிட்ட மட்டும் சொன்னாரு. இந்த முட்டி இனிமே மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாத காலுக்கு லைசென்ஸ் இருந்தா என்ன, போனா என்ன? போற வேலை ஒண்ணோட போகட்டும். ரெண்டும் போகணுமா?"

"அண்ணிகிட்டச் சொல்லலையா?"

"அவ அழுதா இஸ்திரிப்பெட்டியில கைய வெச்சுக்குவா. மெதுவா சொல்லிக்கலாம்."

"பழி உங்க மேல வரும்ணா. கவனமில்லாதவன்னு எழுதுவாங்க."

"எழுதட்டும். பேப்பர்தானே."

அவருக்கு அது வெறும் பேப்பர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமும் வண்டியை விட்டிறங்கியதும் முதல் வேலையாக எல்லா டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

"பொட்டுக்கு நேரா வெச்சேன், நீ சொன்னே, திரும்பினேன்" என்றார். "வேற யார் சொல்லியிருந்தாலும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருப்பேன்." பழியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை விசாரணை, ரேடியோ நிலையத்து அறையிலேயே நடந்தது. அது அவளுக்கு மதிய முறை. வாடகை வேனில் அண்ணனைப் பின்னிருக்கையில் காலை நீட்டி உட்காரவைத்துக் கூட்டிவந்து, நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஒரு தடித்த கோப்போடு வந்திருந்தார். மேற்பார்வையாளர் ஜன்னலோரம் நின்றார். அண்ணி கதவில் சாய்ந்திருந்தாள்.

"ரேடியோ போட்டிருந்தீங்களா?" என்றார் பொறியாளர்.

"இல்ல சார்" என்றார் அண்ணன்.

பொறியாளர் எழுதத் தொடங்கினார். பேனா அந்த வரியின் பாதியில் இருக்கும்போது அவள் எழுந்து பெட்டியின் நாலாவது பொத்தானைக் காட்டினாள்.

"சார், செவ்வாக்கிழமை செய்தி இன்னும் இதுல இருக்கு. பாதை மாத்தச் சொல்றதுக்கு இந்தப் பொத்தான்தான். அதுக்கப்புறம் யாரும் இதுல பதியல. கேளுங்க."

"பாப்பா, உக்காரு" என்றார் அண்ணன்.

அவள் அழுத்தினாள். மூன்று வாக்கியங்கள் அந்தச் சின்ன அறையில் தெளிவாக ஒலித்தன. பொறியாளர் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அன்று நாலேகாலுக்கு மேல்பாலத்தில் வண்டி நின்றது உண்மை. நாலேகாலுக்கு அளவுக்காரர் தண்ணீர் இல்லை என்று சொன்னதும் பதிவேட்டில் இருக்கிறது.

"எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு? இதுல என்ன தப்பு?"

"சரிதான் சார். எப்ப சரி?"

அவர் நிமிர்ந்தார்.

"நாலேகாலுக்குச் சரி. அஞ்சரைக்கும் சரியா இருந்திருக்கலாம். ஆறு பத்துக்கு இதே குரல், இதே தெளிவு, ஆனா பொய். நேரம் சொல்லித்தான் தொடங்கணும். நான் சொல்லல. ரொம்ப நாளாச் சொல்றதில்ல. சொன்னா மணிக்கொரு தடவை போன் போடணும், அதான். அண்ணன் ரேடியோ போட்டிருந்தாரு. நான் சொன்னதக் கேட்டுத்தான் திரும்பினாரு."

"அவரே இல்லங்கறாரே."

"முள்ளு அங்கயே நிக்குது சார்" என்றாள் அண்ணி கதவிலிருந்து. "சத்தம் பாதிக்கு மேல. நான் பாத்தேன்."

மேற்பார்வையாளர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். "நீங்க இதக் கேட்டதே இல்லையா?" என்று பொறியாளர் அவரைக் கேட்டபோது, "கேட்டிருக்கேன்" என்றார்.

பொறியாளர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அண்ணன் மேல் தவறில்லை. அவளுக்குத் தனியாகக் கடிதம் வரும், அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம். அண்ணன் கையெழுத்துப் போடும்போது அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றியபோதும் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் திரும்பி, "ராத்திரிக்கு ரொட்டிதான். நேரத்தோட வந்து சேரு" என்றாள். என்ன வார்த்தை சொன்னோம் என்று அவளுக்கே பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று வேனுக்குள் ஏறிக்கொண்டாள்.

பொறியாளரின் ஜீப் போனதும் மேல் சாவடியிலிருந்து போன் வந்தது. பாலத்தில் மறுபடி ஒரு வண்டி மாட்டிக்கொண்டது, வரிசை வளைவு வரைக்கும் நிற்கிறது. மேற்பார்வையாளர் கையைப் பிசைந்தார்.

"மாத்து ஆள் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நீயே சொல்லிடும்மா. இது ஒண்ணு மட்டும்."

அவள் அளவுக்காரருக்குப் போன் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார். தூணில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லிக் காத்திருந்தாள். காய்ஞ்சு கிடக்கு என்றார். கடிகாரத்தைப் பார்த்தாள், மைக்கை இழுத்தாள்.

'நேரம் மாலை நாலு இருபது. மேல்பாதைப் பாலத்தில் வாகனங்கள் நிற்கின்றன. கீழ்ப்பாதையில் செல்லலாம். கீழ்ப்பாதைத் தரைப்பாலத்தில் நாலு இருபது நிலவரப்படி தண்ணீர் இல்லை.'

விளக்கைப் போட்டாள். ஜன்னல் வழியே பார்த்தபோது வாடகை வேன் இன்னும் முக்கில்தான் நின்றது. பாதை பிரிகிற இடத்தில், ஓரம் கட்டி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க. வண்டி ஏதும் பழுதா என்று முதலில் நினைத்தாள். பிறகு பின்னிருக்கையிலிருந்து அண்ணனின் கை முன்னால் நீண்டு ரேடியோப் பக்கம் எதையோ திருப்புவது தெரிந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். செய்தி முதல் சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கியது. வேன் நகரவில்லை. பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்று முடிந்தது. வேன் நகரவில்லை. மூன்றாவது சுற்று கடைசிச் சொல்லுக்கு வந்தபோது, இடதுபக்க விளக்கு மினுக்க, வேன் கீழ்ப்பாதையில் திரும்பி இறங்கியது.

அது மரங்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் பார்த்தாள். அங்கிருந்து தரைப்பாலத்துக்கு ஏழு நிமிஷம். மறுபடி போனை எடுத்தாள். இந்தத் தடவை அளவுக்காரர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இப்பத்தானேம்மா கேட்டீங்க? அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே."

"தெரியும்" என்றாள். "போய் இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க. நான் போனை வைக்கல."